சந்தனமில்லாத பொட்டு

ஒரு கம்ப்யூட்டரை முழுசாகத் துடைத்துப் புதிதாக ஓ.எஸ். போடுவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது. நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டே இட்லியும் சாப்பிடுகிறீர்கள், வேலையும் நடந்துவிடுகிறது. ‘எங்கள் காலத்தில்’ என்று ஆரம்பிக்கவும் மாட்டேன், பயப்படாதீர்கள். துடைக்கச் சொல்லி பட்டனைத் தட்டுவதற்கு முந்தின பத்து விநாடியைப் பற்றியும், தப்பான மெஷினில் தட்டிவிட்டோம் என்று தெரிந்த பிறகு வரும் பத்து நிமிஷத்தைப் பற்றியும்தான் பேசப்போகிறேன். வீடியோவில் அதெல்லாம் வராது. தப்புப் பண்ணினவன் எவனும் வீடியோ போடுவதில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், லாரிகளுக்கு இரும்பு வார்ப்படம் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். பொன்னேரியிலிருந்து ரயிலில் போய் வருவேன். என் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. ‘சிஸ்டம் சார்’, அவ்வளவுதான். சிஸ்டம் டிபார்ட்மெண்ட் என்றால் நான், ஒரு ஸ்க்ரூடிரைவர், போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டுபோய் உட்கார ஒரு ஸ்டூல். எங்கள் மூவரில் ஸ்டூல்தான் சீனியர்.

சேர்ந்த புதிதில் பர்ச்சேஸ் செக்‌ஷன் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தது. சி டிரைவை மட்டும் அழித்துவிட்டு ஓ.எஸ். போட்டேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. மறுபடியும் போட்டேன், மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவை போட்டுக்கொண்டிருக்கும்போது, வேறு ஏதோ மெஷினைப் பார்க்க மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஒரு சர்வீஸ்காரர், என் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

“பரண்ல பாம்ப வெச்சிக்கினு தரைய தேச்சித் தேச்சிக் கழுவுறியே சார்” என்றார். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பாம்பு டி டிரைவில் சௌக்கியமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறது. அன்றையிலிருந்து எனக்குத் துடைப்பு என்றால் முழுத் துடைப்புதான். சி, டி என்று பாகுபாடு கிடையாது. டிஸ்க்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெறும் பூஜ்யமாக எழுதி நிரப்பிவிட்டுத்தான் மறுவேலை. பிறகு எந்தக் கொம்பன் வந்தாலும் அதிலிருந்து ஒரு எழுத்தைத் திருப்பி எடுக்க முடியாது. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அந்தக் கர்வம் என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முழுசாகத் துடைக்கிறவனுக்கு ஒரே ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மெஷினில் இருந்ததற்கெல்லாம் காப்பி எடுத்தாயிற்றா, இல்லையா? பத்துப் பன்னிரண்டு மெஷினை ஒரே நாளில் பார்க்கும்போது மூளையை நம்ப முடியாது. ஓர் அடையாளம் வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தேன், பிய்த்துக்கொண்டுபோய் டிபன் பாக்ஸில் ஒட்டிக்கொண்டார்கள். சாக்பீஸில் டிக் போட்டேன், பெருக்கித் துடைக்க வந்த அம்மா அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டார். மார்க்கரில் எழுதினேன், புது மெஷினை அசிங்கப்படுத்துகிறாயே என்று அட்மின் ஆபீசர் குதித்தார். அப்போதுதான் எனக்குப் புத்தியில் உதித்தது. நம்மூர்த் தொழிற்சாலையில் யாரும் பிய்க்காத, யாரும் துடைக்காத, யாரும் ஆட்சேபிக்காத ஒரே அடையாளம் குங்குமப் பொட்டு.

ஆபீஸ் அசிஸ்டெண்ட் ஏழுமலை என் வயசுக்காரர். ஆடி ஞாயிறு தவறாமல் பெரியபாளையம் போய்வருகிற ஆள். அவரிடம் சொல்லி பவானி அம்மன் கோயில் குங்குமம் ஒரு டப்பா வாங்கி டிராயரில் வைத்துக்கொண்டேன். காப்பி எடுத்து முடித்த மெஷினுக்கு நெற்றியில் ஒரு பொட்டு. பொட்டு இருந்தால் துடைக்கலாம், இல்லாவிட்டால் கிட்டேயே போகக்கூடாது. வேலை முடிந்ததும் பொட்டை நானே அழித்துவிடுவேன். ஏழு வருஷம் ஒரு பிசகு இல்லை. ஒரே தொந்தரவு, நான் பெரிய பக்திமான் என்று பெயர் பரவிவிட்டது. பொட்டு வைத்த மெஷின் மறுநாள் புதிதுபோல ஓடுவதைப் பார்த்துவிட்டு, ஸ்டோர்ஸ்காரர் ஒருவர் மக்கர் பண்ணும் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, இதுக்கும் ஒண்ணு வெச்சி வுடு சார் என்றார். வைத்துவிட்டேன். கொஞ்ச நாள் ஓடவும் ஓடியது.

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வைப்பார்களே, அப்போது குழப்பம் வராதா என்று உங்களில் யாராவது கேட்க வேண்டும். கேட்காதவர்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை. நான் அதையும் யோசித்திருந்தேன். பூஜைப் பொட்டு என்றால் முதலில் சந்தனம், அதன் மேல் குங்குமம். என் பொட்டில் சந்தனம் கிடையாது. சந்தனம் இருந்தால் சாமியுடையது, இல்லாவிட்டால் என்னுடையது. இதைவிட உஷாராக ஒருத்தன் இருக்க முடியுமா?

உஷாரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பென் டிரைவ் என்றால் எனக்கு ஆகாது. எங்கள் கம்பெனிக்கு வந்த வைரஸ் எல்லாம் அதில்தான் சவாரி பண்ணிக்கொண்டு வந்தது. பாட்டுக் காப்பி பண்ணுகிறேன், பையனுடைய புராஜெக்ட் பிரிண்ட் எடுக்கிறேன் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து சொருகுவார்கள். சொல்லிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். கடைசியில், குழாய் ஒழுகினால் பிளம்பர் பிசைந்து அடைப்பாரே ஒரு பசை, அதை வாங்கிவந்து எல்லா மெஷினிலும் பென் டிரைவ் சொருகும் துளைகளைப் பூசி அடைத்துவிட்டேன். அது காய்ந்தால் கல். நான் காப்பி எடுக்க வேண்டுமென்றால் மட்டும் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் டிஸ்க்கில் நேராக ஒயர் போட்டுக்கொள்வேன். சுவரில் ஒரு நோட்டீசும் ஒட்டினேன்: ‘பென் டிரைவ் சொருகுபவர் வேலையை விட்டு நீக்கப்படுவார்.’ யாரையும் நீக்க எனக்கு அதிகாரம் கிடையாது. இருந்தாலும் எழுத்து பெரிதாக இருந்தது, எல்லோரும் நம்பினார்கள்.

இப்போது மேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேரி எங்கள் லேபில் இருந்த பெண். அத்திப்பட்டுக்காரி, அப்பா அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் கான்ட்ராக்டில் இருந்தவர். உருக்கிய இரும்பில் கரி எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று ஒவ்வொரு வார்ப்புக்கும் சோதித்துப் பதிவு செய்வது அவள் வேலை. ஐந்து வருஷமாக கான்ட்ராக்டிலேயே இருந்தாள். வருஷா வருஷம் பர்மனென்ட் ஆக்குகிறோம் என்பார்கள், வருஷா வருஷம் ஏதாவது ஒரு சாக்கு வரும். அந்த வருஷம் எம்.டி. தன் வாயாலேயே சொல்லியிருந்தார்: வடக்கேயிருந்து பெரிய கஸ்டமர் ஆடிட்டுக்கு வருகிறார்கள், மூன்று வருஷச் சோதனை விவரத்தில் எதைக் கேட்டாலும் நீ எடுத்துக் காட்டவேண்டும், காட்டிவிட்டால் செவ்வாய்க்கிழமை உனக்கு ஆர்டர். ஆடிட் திங்கட்கிழமை. பூஜை அதற்கு முந்தின புதன்.

அந்த மூன்று வருஷ விவரம் எங்கே இருந்தது என்றால், லேப் கம்ப்யூட்டரில் மட்டும். காகிதத்தில் இல்லை. ‘காகிதமில்லா அலுவலகம்’ என்று ஒரு சர்க்குலரை எல்லா செக்‌ஷனுக்கும் காகிதத்தில் அடித்துக் கொடுத்து, ஃபைல் போடுவதை நிறுத்தியிருந்தார்கள். சர்வரிலும் இல்லை. சோதனை மெஷினோடு சேர்ந்த கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்துவிடக்கூடாது என்று அதை நெட்வொர்க்கில் சேர்க்காமல் தனியே வைத்திருந்தேன். வைத்தவன் யார்? நான்தான்.

பழைய ஓ.எஸ்.ஸுக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது என்று ஆகிவிட்டதால், ஆடிட்டுக்கு முன்னால் பன்னிரண்டு மெஷினையும் துடைத்துப் புதிதாகப் போடவேண்டும் என்பது உத்தரவு. பூஜை நாள் மதியத்துக்கு மேல் யாரும் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார்கள், அதற்கடுத்த இரண்டு நாளும் லீவு, அதனால் அன்றைக்கே வைத்துக்கொண்டேன். காலையிலிருந்து ஒவ்வொன்றாகக் காப்பி எடுத்தேன், பொட்டு வைத்தேன். லேபுக்குப் போனபோது மேரி அன்றைய விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள் சார் என்றாள். சரிம்மா என்று வந்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு எம்.டி. ரூமிலிருந்து ஆள் வந்தது. அவருடைய பிரிண்டர் ஓடவில்லையாம், போனஸ் நோட்டீஸ் அடிக்க வேண்டுமாம். அந்தப் பிரிண்டரோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டினேன்.

திரும்பி வந்தபோது ஒன்றரை மணி. லேபில் யாரும் இல்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தேன். நெற்றியில் குங்குமம், சந்தனம் இல்லை.

இந்த இடத்தில்தான் நான் சொன்ன பத்து விநாடி வருகிறது. எனக்குள் ஒரு குரல், நீ இதற்குக் காப்பி எடுத்தாயா என்று கேட்கத்தான் கேட்டது. பொட்டு இருக்கிறதே என்று பதில் சொன்னேன். குரல் அடங்கிவிட்டது. நினைவை நம்பாமல் அடையாளத்தை நம்பு என்று ஏழு வருஷமாக நானே என்னைப் பழக்கி வைத்திருந்தேன் இல்லையா? முழுத் துடைப்பை ஓடவிட்டேன். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று காட்டியது. சந்தோஷமாகப் பூஜைக்குப் போனேன். பூசணிக்காய் உடைத்தார்கள். பொரியும் சுண்டலும் சாப்பிட்டேன். சுண்டல் நன்றாக இருந்தது, இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

மூன்று மணிக்கு லேபுக்குத் திரும்பினேன். துடைத்து முடிந்திருந்தது. ஓ.எஸ். போட உட்கார்ந்து, சும்மா தலையைத் தூக்கி அறையைப் பார்த்தேன். சோதனை மெஷினில் பொட்டு இருந்தது. பிரிண்டரில் பொட்டு. ஃபேன் சுவிட்சில் பொட்டு. சுவரில் தொங்கும் தீயணைப்பு சிலிண்டரிலும் பொட்டு. எல்லாமே வெறும் குங்குமம், ஒன்றில்கூட சந்தனம் இல்லை. தீயணைப்பு சிலிண்டருக்கு நான் எப்போது காப்பி எடுத்தேன் என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தேன். அப்புறம்தான் விஷயம் உறைத்தது.

ஏழுமலையைத் தேடிப்பிடித்து லேபுக்குக் கூட்டிவந்து, யார் இதெல்லாம் வைத்தது என்று கேட்டேன். நான்தான் என்றார்.

“சந்தனம் எங்கய்யா?”

“லேபு கடைசி ரூமு சார். வர்றதுக்குள்ள சந்தனம் தீந்துபோச்சி. குங்குமம் மட்டும் வெச்சா சாமி இன்னா கோச்சிக்கவா போவுது?”

சாமி கோபித்துக்கொள்ளவில்லைதான். என் பொட்டு ரகசியத்தை ஏழு வருஷத்தில் நான் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் கேலி பண்ணுவார்கள் என்று கூச்சம். இப்போது அவருக்குச் சொன்னேன். கேட்கக் கேட்க ஏழுமலை முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. தன் கையால் வைத்த பொட்டால் மேரி பாப்பாவின் மூன்று வருஷ வேலை போய்விட்டதே என்று தலையில் கைவைத்துக்கொண்டு என் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டூல் ஆடியது.

ஓடிப்போய் என் பழைய காப்பிகளைத் தேடினேன். ஆறு மாசத்துக்கு முன்னால் லேபுக்கு ஒரு காப்பி எடுத்து ஒரு டிஸ்க்கில் வைத்திருந்தது ஞாபகம் வந்தது. அந்த டிஸ்க் எங்கே? முந்தின நாள்தான், இந்தப் பன்னிரண்டு மெஷினுக்கும் இடம் வேண்டும் என்று அதைத் துடைத்திருந்தேன். எப்படித் துடைத்திருப்பேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லேபுக்குத் திரும்பிவந்து அந்தக் காலி மெஷின் முன்னால் நின்றேன். ஏழுமலைக்குத்தான் முதலில் மூளை வேலை செய்தது.

“சார், ஒண்ணு சொல்றேன் கேளு. வைரஸ்ஸுனு சொல்லிடு. நீ சொன்னா எவன் சார் மறுத்துப் பேசப்போறான்? எதுக்கு எல்லாருக்கும் பேஜாரு?”

அது உண்மை. நான் சொன்னால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். அந்தக் கம்பெனியில் வைரஸ் எப்படி இருக்கும் என்று தெரிந்தவன் நான் ஒருத்தன். வைரஸ் வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டது, பரவாமல் இருக்க முழுசாகத் துடைக்க வேண்டியதாயிற்று என்று சொன்னால் போதும், துடைத்ததற்குக்கூடக் காரணம் கிடைத்துவிடும். ரிட்டயராக எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று ஏழுமலையை அனுப்பினேன். நான் யோசிக்கவில்லை, எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். குரலில் கொஞ்சம் வருத்தம் வேண்டும், கொஞ்சம் களைப்பு வேண்டும். இதை வெட்கத்தோடு சொல்கிறேன், ஆனால் சொல்லியே ஆகவேண்டும். தப்பு நடந்த முதல் பத்து நிமிஷத்தில் நல்லவன்கூட நடிகனாகிவிடுகிறான்.

அதற்குள் மேரி வந்துவிட்டாள். ஒரு கையில் எனக்குப் பொரிப் பொட்டலம், இன்னொரு கை துப்பட்டாவுக்குள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். முகம் வெளிறியிருந்தது. ஏழுமலை என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு எனக்கு முந்தியே வேலையைத் தொடங்கியிருந்தார்.

“சார், வைரஸ்ஸு பூந்துடுச்சினு ஏழுமல அண்ணன் சொல்லிக்கினு இருக்காரு. நெசமா சார்?”

நான் புதிதாகப் பொய்கூட ஜோடிக்க வேண்டியதில்லை. ‘ஆமாம்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். அப்போது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் எந்த மெஷின் கெட்டுப்போனாலும், அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் ஒன்றேதான்: நான் ஒண்ணுமே பண்ணல சார், அதுவா ஆயிடுச்சி. டீயைக் கொட்டினவரும் அதைத்தான் சொல்வார், ஒயரைக் காலால் இழுத்துப் பிடுங்கினவரும் அதைத்தான் சொல்வார். நான் அவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடித்துக் காட்டியிருக்கிறேன். இப்போது என் வாயில் வந்து உட்கார்ந்திருப்பதும் அச்சு அசலாக அந்த வாக்கியம்தான். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. உபதேசமோ தர்மமோ ஒன்றும் என்னைத் தடுக்கவில்லை, அந்த அவமானம்தான் தடுத்தது.

“இல்லம்மா. வைரஸ்ஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான். காப்பி எடுக்காம தொடச்சிட்டேன். மூணு வருஷமும் போச்சி. திருப்பி எடுக்க முடியாது.”

பொட்டுக் கதையையும் சொன்னேன். எம்.டி.யிடம் நானே போய்ச் சொல்கிறேன், ஆடிட்டில் உன்மேல் ஒரு சொல் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது. ஐந்து வருஷமாக அந்தப் பெண் எத்தனை மணிக்கு ரயில் ஏறி வருகிறாள் என்று எனக்குத் தெரியும்.

அவள் அழுவாள், இல்லை கத்துவாள் என்று நின்றேன். அவளோ, “நெசமா வைரஸ்ஸு இல்லையே சார்? நீங்கதானே?” என்று திரும்பக் கேட்டாள். அம்மா, நான்தான், எத்தனை தடவை சொல்வது என்றேன். அப்போதுதான் துப்பட்டாவுக்குள்ளிருந்த கையை வெளியே எடுத்தாள். கைக்குள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு இருந்தது. அதைத் திறந்து மேஜையில் வைத்தாள். உள்ளே ஒரு பென் டிரைவ்.

சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் எல்லாவற்றையும் அதில் காப்பி எடுத்துக்கொண்டு போவாளாம். விட்டுப்போன வேலையை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த பிறகு, தம்பி லேப்டாப்பில் உட்கார்ந்து முடிப்பாளாம். துளையெல்லாம் பசை வைத்து அடைத்தேனே, எங்கே சொருகினாய் என்று கேட்டேன். பிரிண்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்தத் துளையில் என்றாள். அதை மட்டும் நான் அடைக்கவில்லை. அடைத்தால் பிரிண்டர் ஓடாதே. மூன்று வருஷமாக என் கோட்டையில் அந்த ஒரு கதவு திறந்தே இருந்திருக்கிறது.

அப்புறம் அவள் சொன்னதைக் கேட்டு நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

“வைரஸ்ஸுனு அண்ணன் சொன்னவுடனே எனக்கு உசுரே போயிடுச்சி சார். என் பென் டிரைவாலதான் வந்துச்சினு நெனச்சேன். நோட்டீசு போட்டிருக்கீங்க, நானோ கான்ட்ராக்டு. யார் கண்ணுலயும் படக்கூடாதுனு ஃபர்னஸ்ல போட்டுடலாம்னு எடுத்துக்கினு போனேன். அங்க எம்.டி. ஃபர்னஸுக்குக் கற்பூரம் காட்டிக்கினு இருந்தாரு. சரி, உங்கள ஒருவாட்டி கேட்டுக்கினு அப்பாலிக்கா போடலாம்னு வந்தேன்.”

நான் ‘ஆமாம்மா’ என்று சொல்லியிருந்தால் அந்தக் கண்ணாடிக் கூடு நேராக ஃபர்னஸுக்குப் போயிருக்கும். உலகத்தில் மிச்சமிருந்த ஒரே காப்பி, என் பொய்யைக் கேட்டு, என் நோட்டீசுக்குப் பயந்து, ஆயிரத்து ஐந்நூறு டிகிரியில் உருகியிருக்கும். மேரி பர்மனென்ட் ஆகாமல் வீட்டுக்குப் போயிருப்பாள். ஏன் போனாள் என்று எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. வைரஸால்தான் எல்லாம் போயிற்று என்று நானே ஒருநாள் நம்பவும் தொடங்கியிருப்பேன்.

பென் டிரைவை ஸ்கேன் பண்ணிப் பார்த்தேன். ஒரு வைரஸும் இல்லை, துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி இருந்தது. சந்தேகத்துக்கு என் காப்பி டிஸ்க்கையும் ஸ்கேன் பண்ணினேன். அதில் இரண்டு இருந்தன. இதை மேரியிடம் அன்றைக்குச் சொல்லவில்லை, இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.

பென் டிரைவில் போன சனிக்கிழமை வரைதான் இருந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் விவரம் இல்லை. நல்ல வேளையாக அந்தந்த வார்ப்பின் சாம்பிள் துண்டுகள் பெட்டியில் எண் போட்டபடியே இருந்தன. லீவு நாள் இரண்டிலும் மேரி வந்தாள், நான் வந்தேன். சாவியோடு ஏழுமலையும் வந்தார், எங்களுக்கு நாஷ்டா வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு துண்டையும் திரும்பச் சோதித்தோம். மறுசோதனை என்று தேதியோடு எழுதியே ஏற்றினாள். புதுத் தேதியை மறைத்து எழுதலாமா என்ற பேச்சு எங்களுக்குள் வரவே இல்லை.

ஆனால் அதற்கு முன்னால், பூஜை நாள் சாயங்காலமே எம்.டி. ரூமுக்குப் போனேன். எங்கள் எம்.டி. ஆந்திரா எல்லையில் ஆரம்பாக்கம் பக்கத்து ஆள். கோபம் வந்தாலும் ‘நைனா’, சந்தோஷம் வந்தாலும் ‘நைனா’. எதற்கு எது என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முழுக் கதையையும் சொன்னேன். பொட்டு, சந்தனம், தீயணைப்பு சிலிண்டர், ஒன்றையும் விடவில்லை. பிறகு கேட்டார்:

“இதுக்கு மெமோ யாருக்கு நைனா குடுக்கறது? உனக்கா, ஏழுமலைக்கா, அம்மனுக்கா?”

எனக்கே கொடுங்கள் சார் என்றேன். கொடுத்தார். சர்வீஸில் நான் வாங்கிய ஒரே மெமோ அது. வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அப்புறம், விவரம் எப்படித் திரும்பக் கிடைத்தது என்று கேட்டார். இதுதான் எனக்குச் சங்கடமான இடம். மேரி சட்டத்தை மீறியிருக்கிறாள். ஆடிட்டுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அதைச் சொன்னால், வருஷா வருஷம் வரும் சாக்கு இந்த வருஷம் என் வாயாலேயே வரும். பொய் சொல்லவும் மனசில்லை, ஒரு பொய்யின் விலையை அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். லேபில் ஒரு காப்பி இருந்தது சார் என்றேன். யார் வைத்தது என்றார். நான் கூடாது என்று போட்ட சட்டம் தப்பு சார், அது தப்பு என்று தெரிந்து என் பேச்சைக் கேட்காதவர்கள் வைத்தது என்றேன். பெயரைக் கேட்டால் சட்டம் போட்டவன் பெயரை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

எம்.டி. பெயரைக் கேட்கவில்லை. லேபில் இருந்ததே ஒரு ஆள்தான். தட்டில் மிச்சமிருந்த சுண்டலை ஒரு வாய் போட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்:

“அப்போ உன் பேச்சக் கேக்காத ஆளத்தான் நைனா நான் மொதல்ல பர்மனென்ட் பண்ணணும்.”

பண்ணினார். ஆடிட்காரர்கள் எங்கெங்கேயோ தோண்டிக் கேட்டார்கள், மேரி கேட்டதையெல்லாம் எடுத்துக் காட்டினாள். மறுசோதனை என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, ஏன் என்று ஒருவர் கேட்டார். சந்தனம் தீர்ந்துபோய்விட்டது என்று எம்.டி. சொன்னார். அந்த வடநாட்டுக்காரர் என்ன புரிந்துகொண்டாரோ, தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை ஆர்டர் வந்தது. மேரி அதை என்னிடம் காட்ட வந்தபோது, நான் ஸ்க்ரூடிரைவரால் லேப் கம்ப்யூட்டரின் துளையிலிருந்து பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வாரா வாரம் லேபில் ஒரு காப்பி எடுக்கவேண்டும், அதற்குப் பொறுப்பு மேரி என்று அன்றைய தேதி போட்டுப் புது நோட்டீஸ் ஒட்டியிருந்தேன். பசை நல்ல சரக்கு, கடைசிவரை வரவில்லை. மேரி பழையபடி பிரிண்டர் ஒயரைப் பிடுங்கித்தான் காப்பி எடுத்தாள்.

அதற்கப்புறம் நான் துடைத்த ஒவ்வொரு மெஷினுக்கும் முன்னால், காப்பியைத் திறந்து, அதிலிருந்து ஒரு ஃபைலைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பட்டனைத் தட்டினேன். பொட்டை விட்டுவிட்டேன். அடையாளம் எல்லாம் நமக்குச் சௌகரியத்துக்குத்தான், அது சாட்சி இல்லை. நீங்கள் இன்றைக்கு கிளவுட், அது இது என்கிறீர்கள். அதிலும் பச்சையாக ஒரு டிக் வருகிறது, பார்த்திருக்கிறேன். அதை யார் வைத்தார்கள், சந்தனம் தீர்ந்த பிறகு வைத்தார்களா என்று திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியும் ஒருநாள் தப்பான மெஷினைத் துடைப்பீர்கள். சாபமில்லை, இருபத்திரண்டு வருஷ அனுபவம். அன்றைக்கு ‘அதுவா ஆயிடுச்சி’ என்ற வாக்கியம் உங்கள் வாய்க்குள் வந்து உட்காரும். அதை வெளியே விடுவதற்கு முன்னால், வாசலில் ஒருத்தி கையை மறைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் ரிட்டயரான அன்று எல்லோரும் சேர்ந்து கடிகாரம் கொடுத்தார்கள். மேரி தனியாக வந்து அந்தக் கண்ணாடிக் கூட்டைக் கொடுத்தாள். உள்ளே அதே பென் டிரைவ். ஏழுமலையிடம் சொல்லி அதன் மேல் ஒரு பொட்டு வைத்து வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன்.

“நல்லா பாத்துக்கோங்க சார்,” என்றாள் மேரி. “சந்தனம் வெச்சிருக்கு.”